ஒராளுக்காக வருகிற அண்ணை

அவருடைய பெயர் எனக்குத் தெரியும். எங்கள் அணியில் வேறு ஒருவருக்கும் தெரியாது. நான் அவரை 'அண்ணை' என்று கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் பெயர் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். கியூபெக்காரர், ஹெயிட்டிக்காரர், பிலிப்பைன்ஸ்காரர் எல்லோருக்கும் அவர் அண்ணைதான். எங்கள் மேற்பார்வையாளர் ஜில்லுக்கு மட்டும் அதில் ஒரு குழப்பம் இருந்தது. பிரெஞ்சில் 'அனே' என்றால் வருடம். "உங்கள் ஊரில் ஆட்களுக்கு வருடம் என்று பெயர் வைப்பார்களா?" என்று ஒருநாள் என்னிடம் கேட்டார். வைப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். விளக்கப்போனால் இடைவேளை முடிந்துவிடும்.

அணிக்குச் சட்டை அடித்தபோது அவருடைய முதுகில் ஆங்கில எழுத்தில் அண்ணை என்றே அச்சடித்துக் கொடுத்தார்கள். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பரவாயில்லை பிள்ளை. இனி வெள்ளைக்காரரும் என்னை மரியாதையாக் கூப்பிடுவினம்."

ஆகவே இங்கேயும் அவர் அண்ணையாகவே இருக்கட்டும்.

கியூபெக்கில், டோர்வல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் சமையற்கூடம் ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நான் தட்டு அடுக்கும் வரிசையில். அவர் சாமான் ஏற்றும் வாசலில். தள்ளுவண்டிகளை லொறிக்குள் ஏற்றுவார். ஐம்பதை நெருங்கிய ஒல்லியான மனிதர். நரைத்த மீசை. மே மாதத்திலும் குளிர்கால ஜாக்கெட்டைக் கழற்றமாட்டார். வெயிலை நம்பக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

அவரை நான் முதன்முதலில் கவனித்தது ஒரு மார்ச் மாதத்து மத்தியானம். சாமான் ஏற்றும் வாசலின் கூரை விளிம்பிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு பனிக்கட்டி ஈட்டிபோலத் தொங்கியது. அதன் கீழால்தான் எல்லோரும் போய்வர வேண்டும். காவலாளி மஞ்சள் நாடா கட்டிவிட்டு, ஏணியோடு ஆள் வரும்வரை ஒருவரும் அசையக்கூடாது என்றார். இருபது பேர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றோம். உள்ளே சாப்பாடு ஆறுகிறது, வெளியே விமானம் காத்துக்கொண்டிருக்கிறது, ஜில் தலைமுடியைப் பிய்க்கிறார். அண்ணை லொறிக்குப் பின்னாலிருந்து வந்தார். ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். தரையில் கிடந்த பனிக்கட்டித் துண்டு ஒன்றை எடுத்து, இடக்கையால், பெரிதாக ஓங்காமல், ஒரே ஒரு எறி. ஈட்டி வேரோடு முறிந்து விழுந்து தூளானது. நாங்கள் கைதட்டத் திரும்பியபோது ஆள் அங்கே இல்லை. லொறிக்குள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டிருந்தார்.

ஜில் மட்டும் கைதட்டவில்லை. வாயைத் திறந்தபடி நின்றார். "இடக்கை," என்றார். பிறகு இன்னொருமுறை, கோயிலில் சாமியைக் கண்டவர்போல, "இடக்கை!"

அந்த ஆச்சரியத்துக்குக் காரணம் இருந்தது. லாசாலில் ஒரு பூங்காவில் கோடை முழுவதும் வேலைத்தலங்களுக்கு இடையிலான பேஸ்போல் ஆட்டங்கள் நடக்கும். எங்கள் அணிக்கு ஜில்தான் தலைவர், பயிற்சியாளர், தண்ணீர் தூக்குகிறவர் எல்லாம். என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு என்னை ஆட்டக் குறிப்பு எழுதுகிறவளாக அவர்தான் பிடித்துப்போட்டார். ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் மெத்தைக் கடைக்காரர்களின் அணியிடம்தான் தோற்போம். அவர்களிடம் மார்செல் என்று ஒருவர் இருந்தார். ஒரு மெத்தையைத் தனியாக மூன்றாம் மாடிக்குத் தூக்கிப்போகிறவர். இடக்கைக்காரர். அவர் அடித்த பந்துகளைத் தேடி நாங்கள் பக்கத்து வீடுகளின் கதவைத் தட்டியிருக்கிறோம்.

அன்று இடைவேளையில் ஜில் இரண்டு சாப்பாட்டுத் தட்டுகளையும் ஒரு தோடம்பழத்தையும் மேசையில் வைத்து அண்ணைக்குப் பாடம் நடத்தினார். இடக்கையால் அடிக்கிறவர் வலது தோளைக் காட்டிக்கொண்டு நிற்பார். வலக்கையால் எறிகிறவரின் பந்து அவருடைய கண்ணுக்கு முன்னால் விரிந்து வரும்; ஆற அமரப் பார்த்து அடிக்கலாம். இடக்கையால் எறிந்தால் பந்து அவருடைய முதுகுப் பக்கத்திலிருந்து புறப்படுவதுபோலத் தெரியும். பிறகு வளைந்து அவரைவிட்டு விலகிப் போகும். கண் இமைக்கும் நேரம் பிந்திவிட்டால் மட்டை காற்றைத்தான் அடிக்கும்; மூன்றுமுறை தவறவிட்டால் ஆள் ஆட்டமிழப்பார். பெரிய அணிகளில் இதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள் என்றார் ஜில். ஆட்டம் முழுக்கக் குந்தியிருப்பார்கள். நெருக்கடியில் எதிரணியின் இடக்கைக்காரர் ஒருவர் வரும்போது எழும்பிப் போவார்கள். அந்த ஒருவரை வீழ்த்திவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள்.

நான் தமிழில் சொல்லி முடித்தேன். அண்ணை தோடம்பழத்தை உரிக்கத் தொடங்கியிருந்தார்.

"ஒராளுக்கு மட்டும் எறிஞ்சால் காணுமாமோ?"

"ஓம் அண்ணை."

"எறிஞ்சுபோட்டு வீட்டை போகலாமோ?"

ஜில்லிடம் கேட்டேன். போகலாம் என்றார்.

"அப்ப சரி," என்றார் அண்ணை. "ஆர் ஆள்?"

எங்கே எறியப் பழகினார் என்று பிறகு ஒருநாள் கேட்டேன். "பழகினதில்லைப் பிள்ளை. நான் பிறவியிலை இடக்கை. எழுதிறது, சாப்பிடுறது, குடுக்கிறது, வாங்கிறது எல்லாத்தையும் அடிச்சு வலக்கைக்கு மாத்திப்போட்டினம். எறியிறதை மட்டும் ஒருத்தரும் கவனிக்கேல்லை. அதாலை அது தப்பிட்டுது."

முதல் ஆட்டத்தில் அவர் இரண்டு மணித்தியாலம் திடலோரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தார். ஆட்டத்தைப் பார்த்ததாகவே தெரியவில்லை. கடைசிக்கு முந்தின சுற்றில் மூன்று தளங்களிலும் எதிரணி ஆட்கள் நிற்க, மார்செல் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். ஜில் நடுத்திடலுக்கு ஓடிப்போய், "அனே!" என்று கத்தினார். அண்ணை ஜாக்கெட்டைக் கழற்றி, நாலாக மடித்து, என் மடியில் வைத்துவிட்டு நடந்தார். ஓடவில்லை, நடந்தார்.

நாலு பந்து. முதலாவதை மார்செல் பார்த்துக்கொண்டு நின்றார். அது நேராகவே போனது. இரண்டாவதுக்கு மட்டையை வீசினார்; காற்று. மூன்றாவது வெளியே போனது. நாலாவது மெதுவாக, மிக மெதுவாக, அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு பூனைபோல வந்து, வளைந்து, எட்டாத தூரத்தில் போய்ச் சேர்ந்தது. மார்செல் வீசிய வேகத்தில் ஒரு முழங்காலில் இருந்துவிட்டார். எங்கள் ஆட்கள் துள்ளிக்கொண்டு ஓடிவந்தபோது அண்ணை என்னிடம் வந்து ஜாக்கெட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இருங்கோ அண்ணை, ஆட்டம் இன்னும் கிடக்கு."

"என்ரை ஆள் முடிஞ்சுது தானே?" என்றார். பஸ் தரிப்பிடம் நோக்கிப் போய்விட்டார்.

அந்தக் கோடை முழுக்க அப்படித்தான். என் குறிப்புப் புத்தகத்தில் அவருடைய வரி வெறுமையாகக் கிடக்கும். ஓரத்தில் இரண்டு மூன்று கீறல். வழமையாக எறிகிறவர் ஒரே பின்னேரத்தில் எறியும் பந்துகளை இவர் கோடை முழுவதிலும்கூட எறிந்திருக்கமாட்டார். வழமையாக எறிகிற அந்த ஹெயிட்டிக்காரருக்கே ஒருநாள் கோபம் வந்துவிட்டது. "நான் கை கழன்றுபோக எறிகிறேன். இவர் நாலு பந்து எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். இரண்டு பேருக்கும் ஒரே சட்டையா?"

ஜில் என் புத்தகத்தை வாங்கிப் பக்கம் பக்கமாகக் காட்டினார். "நாலு பந்துதான். எந்த நாலு என்று பார். இந்த ஆட்டம், ஒரு ஓட்டத்தால் வென்றோம். இதுவும். இதுவும். நீ எறிந்த நூறு பந்தையும் காப்பாற்றியது இந்த நாலு." ஹெயிட்டிக்காரர் நீண்டநேரம் பார்த்தார். அடுத்த கிழமை அண்ணைக்கு வாங்கில் இடம் பிடித்து வைத்திருந்தவர் அவர்தான்.

திடலுக்கு வெளியிலும் அண்ணை அப்படியானவர்தான் என்று எனக்குத் தெரியவர அதிக நாள் ஆகவில்லை.

நான் அப்போது வில்லரேயில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் இருந்தேன். ஒரு ஜனவரியில் சூடாக்கி நின்றுபோனது. வீட்டுச் சொந்தக்காரர் கீழ்மாடியில் இருக்கிற கிழவர். கதவைத் தட்டினாலே கத்துவார். பத்து நாள் ஜாக்கெட்டோடு படுத்து எழும்பி, வேலையில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றேன். அண்ணை கேட்டார். சொன்னேன்.

"ஆர் ஆள்?"

அன்று பின்னேரமே வந்தார். கிழவரிடம் நேரே போகவில்லை. முதலில் என் வீட்டுக்குள் வந்து, கையுறையைக் கழற்றி, பனி படிந்த யன்னல் கண்ணாடியில் வலக்கையை ஐந்து நிமிடம் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கீழே இறங்கிப்போய்த் தட்டினார். கிழவர் கதவைத் திறந்து கத்தினார். கிழவர் கத்தி முடியும்வரை அண்ணை பொறுமையாக நின்றார். முடிந்ததும், "போன்ஜூர் மிஸ்யூ," என்று கையை நீட்டினார். கை நீட்டினால் யார்தான் பிடிக்காமல் விடுவார்கள்? கிழவர் பிடித்தார். அண்ணை விடவில்லை. அந்தக் குளிர்ந்த கையைக் கிழவரின் கைக்குள் வைத்துக்கொண்டு, கண்ணால் மேல்மாடியைக் காட்டினார்.

"பிள்ளை மேலை இருக்கிறா," என்று தமிழிலேயே சொன்னார்.

அடுத்தநாள் காலையில் சூடாக்கி வேலை செய்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று அன்று நான் கெஞ்சியும் அவர் நிற்கவில்லை.

கலியாண வீடுகளிலும் அதே கதை. பந்தலில் யாராவது மாமன் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தால் அண்ணையைத்தான் கூப்பிடுவார்கள். வருவார், அந்த மாமனுக்குப் பக்கத்தில் உட்காருவார், ஏதோ சொல்லுவார், மாமன் சிரிப்பார். சாப்பாடு போட இலை விரிக்கும்போது அண்ணையின் கதிரை காலியாக இருக்கும். அக்கா, அவருடைய மனைவி, தனியாக இருந்து சாப்பிடுவார்.

அக்கா லாசாலில் ஒரு கார்டரியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். வாய் ஓயாதவர். பஸ்ஸில் ஏறினால் சாரதியின் பிள்ளைகள் எத்தனை என்பதை இரண்டு தரிப்பிடத்துக்குள் அறிந்துவிடுவார். பூங்கா அவர்களுடைய வீட்டுக்குப் பின் தெருவில்தான். ஆனாலும் ஒரு ஆட்டத்துக்கும் வந்ததில்லை.

"நான் என்னத்துக்கு வாறது? இரண்டு மணித்தியாலம் குந்தியிருந்து இவர் ஐஞ்சு நிமிசம் நிக்கிறதைப் பாக்கவோ? அதைத்தானே வீட்டிலை பாக்கிறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு முழுதாக வரவில்லை.

அவர்களுடைய மகள் ரொறன்ரோவில். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தபோது இருவரும் காரில் போனார்கள். ஆறு மணித்தியால ஓட்டம். அண்ணை சப்பாத்தைக் கழற்றி, கை கழுவி, பேத்தியைத் தூக்கிப் பார்த்து, "நல்லாயிருக்கிறா," என்று சொல்லித் தாயிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் திரும்பி ஓட்டிவரக் கார்த் திறப்பைத் தேடினாராம். அக்கா மட்டும் அங்கே ஒரு மாதம் நின்றுவிட்டு பஸ்ஸில் வந்தார்.

"அவர் கெட்டவர் இல்லைப் பிள்ளை," என்று என்னிடம் சொன்னார். கோயில் அன்னதானத்துக்கு இருவரும் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். ஆகவே கண்ணில் வந்த தண்ணீர் எதனால் என்று நான் கேட்கவில்லை. "குடியில்லை, சண்டையில்லை. ஒரு ஆபத்தெண்டால் முதல் ஆளா வந்து நிப்பார். ஆபத்தில்லாத நாள்தானே கனக்க? அந்த நாளுகளிலை நான் ஆரோடை இருக்கிறது?"

அண்ணையின் முதல் கோடைக்கு அடுத்த வருடம், பனி கரையும் காலத்தில் ஆட்டக் குழுவின் கூட்டத்தில் ஒரு புது விதி வந்தது. எறிய வருகிறவர் குறைந்தது மூன்று பேருக்காவது எறியவேண்டும். பெரிய அணிகளில் அப்படி மாற்றிவிட்டார்களாம். ஆள் மாற்றி ஆள் மாற்றி ஆட்டம் இழுபடுகிறதாம். மெத்தைக் கடைக்காரர்கள் உடனே கை உயர்த்தினார்கள். மார்செல் இரண்டு கையையும் உயர்த்தினார். ஜில் மேசையில் குத்தினார். இது எங்கள் அனேக்காகவே செய்த சதி என்று பிரெஞ்சில் எனக்குத் தெரிந்த, தெரியாத வார்த்தைகள் எல்லாவற்றையும் சொன்னார். பலனில்லை.

அண்ணையிடம் நான்தான் சொல்லவேண்டி வந்தது.

"மூண்டு பேரோ?" என்றார். "அது வேறை வேலையெல்லோ."

மறுநாள் சட்டையைத் தோய்த்து, அயன் பண்ணி, ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து ஜில்லிடம் கொடுத்தார். ஜில் வாங்க மறுத்துவிட்டார். அந்தக் கோடை முழுக்க அண்ணை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்து, வாங்கில் இருந்து, தேத்தண்ணி குடித்துவிட்டு, ஒருமுறையும் எழும்பாமல் வீட்டுக்குப் போனார். மார்செல் தன் பாட்டுக்கு அடித்தார். எப்படியோ இறுதி ஆட்டம்வரை வந்துவிட்டோம்.

அதற்கு முந்தின கிழமை, தள்ளுவண்டிகளுக்கு இடையில் அண்ணை என்னிடம் வந்தார். தன்னுடைய விஷயத்தைத் தானாக வந்து கதைத்தது அதுதான் முதல் தடவை.

"பிள்ளை, அவ ரொறன்ரோவுக்குப் போறாவாம்."

"பேத்தியைப் பாக்கவோ?"

"இல்லை. அங்கையே இருக்க. கார்டரியிலையும் சொல்லிப்போட்டா. இறுதி ஆட்டம் முடிஞ்சு வாற செவ்வாய்க்கிழமை போறா."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓம் எண்டன்."

"அண்ணை! போகாதையும் எண்டு ஒரு வார்த்தை சொல்லேல்லையோ?"

அவர் தள்ளுவண்டியின் சில்லைக் காலால் தட்டிக்கொண்டு நின்றார். "சொன்னால் நிப்பா. எனக்குத் தெரியும். நிண்ட பிறகு நான் என்ன செய்யிறது, பிள்ளை? அதுதான் எனக்குத் தெரியாது."

அவர் சொன்னதை அப்படியே அக்காவிடம் போய்ச் சொன்னேன். இன்னொரு வீட்டு விஷயத்தில் நுழைந்தது பிழைதான். ஆனால் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. அக்கா கேட்டுவிட்டு ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை பின்னேரம். செப்டம்பர் வெயில். அக்கா வந்திருந்தார். பலகை அடுக்கின் மேல்வரிசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல இருந்தார். அண்ணை அவரைக் கண்டார். தேத்தண்ணியைக் கீழே வைத்தார். திரும்ப எடுக்கவில்லை.

கடைசிச் சுற்று. நாங்கள் இரண்டு ஓட்டங்கள் முன்னுக்கு. மெத்தைக் கடைக்காரர்கள் அடிக்கிறார்கள். ஒருவரும் ஆட்டமிழக்கவில்லை, இரண்டு தளங்களில் அவர்களுடைய ஆட்கள். அடுத்தது மார்செல். ஒரே அடியில் எல்லாம் முடிந்துவிடும். ஹெயிட்டிக்காரர் களைத்துப்போயிருந்தார். ஜில் வாங்கைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு அண்ணைக்கு முன்னால் வந்து குந்தி, மூன்று விரல்களைக் காட்டினார். "அனே. மூன்று பேர். முடியுமா?"

அண்ணை எழும்பினார். ஜாக்கெட்டைக் கழற்றி என்னிடம் தந்தார். இம்முறை மடிக்கவில்லை.

மார்செலுக்கு ஐந்து பந்து. கடைசிப் பந்தை என்னால் இப்போதும் கையால் வரைந்து காட்ட முடியும். மட்டை ஒரு பக்கம், பந்து ஒரு பக்கம், மார்செலின் தொப்பி இன்னொரு பக்கம். சனம் கத்தியது. அண்ணை திரும்பினார், வழக்கம்போல என்னை நோக்கி நடந்து வந்தார். கையை நீட்டினார், ஜாக்கெட்டுக்கு. நடுவர் விசில் அடித்தார். மெத்தைக் கடைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கள் ஆட்களும்தான். அண்ணை எறிகிற இடத்துக்கும் வாங்குக்கும் நடுவில், வெட்டிய புல்லில், எங்கே போவது என்று தெரியாமல் நின்றார்.

"இஞ்சாருங்கோ!"

மேல்வரிசையிலிருந்து. அக்கா எழும்பி நின்றார். கைப்பை கீழே விழுந்தது.

"எங்கை போறியள்? போய் நில்லுங்கோ அங்கை!"

அந்தப் பூங்காவில் அது விளங்கியது மூன்று பேருக்குத்தான். அண்ணை அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரும்பி நடந்துபோய், எறிகிற இடத்தில் நின்றார்.

அடுத்தவர் வலக்கைக்காரர். அண்ணையின் வளைவு அவருக்குப் பரிமாறி வைத்த சாப்பாடு. இரண்டாவது பந்தை இரண்டு பேருக்கு நடுவால் அடித்தார். தளங்களில் நின்ற இருவரும் ஓடி முடித்தார்கள். ஆட்டம் சமன். அடித்தவர் இரண்டாம் தளத்தில். ஜில் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

மூன்றாமவர் மூக்குக்கண்ணாடி போட்ட, தொந்தி வைத்த, சாதுவான மனிதர். கடையில் கணினிக்குப் பின்னால் இருப்பவராக இருக்கவேண்டும். அவரும் வலக்கைதான். அண்ணை எறிய, அவர் தட்டிவிட, பந்து கோட்டுக்கு வெளியே போகும்; ஓட்டமும் இல்லை, ஆட்டமிழப்பும் இல்லை. மறுபடி எறிய, மறுபடி தட்டிவிடுவார். என் பென்சில் ஒன்பது கீறல் போட்டது. பத்தாவது. பதினொன்று. அண்ணையின் சட்டை முதுகோடு ஒட்டிப்போனது. அவர் அவ்வளவு நேரம் ஓரிடத்தில் நின்று ஒருவரும் கண்டதில்லை. ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் நெற்றியைத் துடைப்பார், மேல்வரிசையை ஒருமுறை பார்ப்பார், திரும்ப எறிவார். சிரிப்பு எப்போதோ அடங்கிவிட்டது. மார்செல்கூடத் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார்.

பன்னிரண்டாவது பந்தைக் கண்ணாடிக்காரர் மெதுவாகத் தட்டினார். அது உருண்டு, ஒருவருடைய கைக்கும் அகப்படாமல், புல்லுக்குள் போய் நின்றது. இரண்டாம் தளத்தில் நின்றவர் 'வீடு' என்கிற கடைசித் தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

தோற்றுவிட்டோம்.

ஜில் போய் அண்ணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தன்னுடைய பிழை, விதியின் பிழை, இந்த உலகத்தின் பிழை என்று அழுதார். அண்ணை அவருடைய முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, மெத்தைக் கடைக்காரர்களின் வரிசையில் போய் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்தார். வலக்கைதான். மார்செல் அந்தக் கையை விட்டுவிட்டு இடக்கையைப் பிடித்து, உள்ளங்கையைத் திருப்பி, ஏதோ இயந்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

எல்லோரும் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டத் தொடங்கினார்கள். அண்ணை வாங்கில் இருந்தார். அக்கா இறங்கி வந்து பக்கத்தில் இருந்தார். நான் குறிப்புப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். காதைப் புதைக்க முடியவில்லை.

"தோத்துப்போனியள்."

"ஓம்."

"கை நோகுதே?"

"கொஞ்சம்."

பிறகு அண்ணை சொன்னார்: "செவ்வாய்க்கிழமை பஸ் வேண்டாம். நான் கொண்டுபோய் விடுறன்."

எனக்கு எழும்பிப்போய் அவரை உலுக்கவேண்டும் போலிருந்தது. அக்கா, "சரி," என்று மட்டும் சொன்னார். ஆனால் இருட்டும்வரை இருவரும் அந்த வாங்கைவிட்டு எழும்பவில்லை. ஹெயிட்டிக்காரர் தட்டில் இறைச்சி கொண்டுவந்து கொடுத்தார். அண்ணை சாப்பிட்டார். அவர் எங்களோடு இருந்து சாப்பிட்டது அன்றுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு மட்டும்தான் லீவு கேட்டிருந்தார். புதன்கிழமை வரவில்லை. வியாழனும் வரவில்லை. வெள்ளிக்கிழமை ஜில் தட்டு வரிசைக்கே வந்துவிட்டார். "அனே எங்கே? விபத்து ஏதாவது?" அவருக்கு நித்திரையில்லை என்று கண்ணே சொன்னது. எனக்கும் பயம் பிடித்தது. இடைவேளையில் அக்காவின் தொலைபேசிக்கு எடுத்தேன்.

"இஞ்சைதான் பிள்ளை நிக்கிறார்," என்றார் அக்கா. பின்னால் குழந்தையின் சத்தம். "வந்த அண்டைக்குத் திறப்பைக் கையிலை வைச்சுக்கொண்டு வாசலிலை நிண்டார். போயிட்டு வாங்கோ எண்டன். போகேல்லை. அடுத்தநாள், வேலை போயிடுமெல்லோ, வெளிக்கிடுங்கோ எண்டன். அதுக்கும் போகேல்லை. சோபாவிலை இருக்கிறார். என்ன செய்யிறதெண்டு தெரியாமல் எங்களைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். எழும்பிப் போறார் இல்லை."

"அவரிட்டைக் குடுங்கோ அக்கா. ஜில் பக்கத்திலை நிக்கிறார், பயந்துபோயிருக்கிறார்."

தொலைபேசி கைமாறியது.

"பிள்ளை?"

"அண்ணை, எப்ப வாறியள்?"

"பிறகு எடுக்கிறன் பிள்ளை," என்றார் அவசரமாக, குரலைத் தாழ்த்தி. "அவ ஒரு கதை சொல்லிக்கொண்டிருக்கிறா. காலமை தொடங்கினவ, இன்னும் பாதிகூட வரேல்லை."